20 விநாடி

“மூச்சா? அதுதானே டாக்டர் என் தொழிலே!” என்று நான் சொல்லியிருக்க வேண்டாம்.

சொல்லிவிட்டேன். மறு வாரம் சிடி ஸ்கேன் அறையில், சாய்வான பலகை ஒன்றில், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடிகளைப் பற்றியபடி படுத்திருந்தேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் இடது கை அந்த உயரத்துக்குப் போகவே இரண்டு மாதம் சுவரில் விரல்களால் ஏறிப் பழக வேண்டியிருந்தது. ரேடியோகிராபர் ஓர் இளம் மலாய்ப் பெண். ஆழமாக மூச்சை இழுத்து 20 விநாடி அப்படியே வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். நான் வானொலியில் வேலை செய்கிறேன் என்றேன் பெருமையாக. அவர் சிரித்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார். ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

“ஓகே புவான். தாரிக் நஃபாஸ்... தாஹான்.”

இழுத்தேன். நிறுத்தினேன். என் முகத்துக்கு மேலே ஒரு சின்னத் திரை. அதில் ஒரு பட்டை. மூச்சை இழுத்தால் அது மேலே ஏறிப் பச்சைக் கட்டத்துக்குள் போய் நிற்க வேண்டும். என் பட்டையோ கீழேயே கிடந்தது, காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கு எழுப்பினால் என் மகள் கிடப்பாளே, அப்படி.

காரணம் எனக்கு உடனே விளங்கியது, வெட்கமாகவும் இருந்தது. பல்கலைக்கழகத்தில் ஊடகத்துறை படித்தபோது முதல் ஆண்டில் எங்களுக்குச் சொல்லித் தந்தது வயிற்று மூச்சு. தோள் அசையக்கூடாது, நெஞ்சு தூக்கக்கூடாது, மைக்கில் மூச்சுச் சத்தம் விழக்கூடாது. 12 ஆண்டுகளாக அப்படித்தான் பேசிப் பிழைக்கிறேன். இங்கே கூரையில் இருந்த மூன்று கேமராக்களும் பார்த்துக்கொண்டிருந்தது என் நெஞ்சை. வயிறு மட்டும் அழகாக உப்பியது. நெஞ்சு நகரவில்லை.

சரி, நெஞ்சைத் தூக்குவோம் என்று அடுத்த முறை பலமாக இழுத்தேன். பட்டை பச்சையைத் தாண்டி உச்சிக்குப் போய் முட்டியது. “புவான், ஜாங்ஙான் அங்காட் பெலாகாங்” என்றது குரல். முதுகைத் தூக்காதீர்கள். மூச்சை இழுக்கிறேன் என்று முதுகை வில்லாக வளைத்திருக்கிறேன். மூன்றாவது முறை பச்சைக்குள் போனது; எட்டாவது விநாடியில் நழுவியது. நான்காவது முறை சிரிப்பு வந்துவிட்டது. ஐந்தாவது முறை அழுகை.

“மூன்று நாள் வீட்டில் பழகிவிட்டு வாருங்கள், அவசரமில்லை” என்று அனுப்பிவிட்டார்கள். கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக்குப் பணம் கட்டும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்குப் பின்னால் வரிசை நீள்வதையே கவனித்தேன்.

இந்தப் பயிற்சி எதற்கு என்று சொல்ல வேண்டும். அதற்கு என் அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா இறந்தபோது அவருக்கு 51 வயது. ஞாயிற்றுக்கிழமை காலை, சந்தையிலிருந்து மீன் வாங்கி வந்து, பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். பெரியப்பாவுக்குப் பைபாஸ். அத்தைக்கு இரண்டு ஸ்டென்ட். எங்கள் குடும்பத்தில் இதயம்தான் எதிரி. புற்றுநோய் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. 35 வயதில் அது என்னோடு வந்தது, இடது மார்பகத்தில், குளிக்கும்போது விரலில் தட்டுப்பட்ட ஒரு கட்டியாக.

அறுவை சிகிச்சை முடிந்தது. மார்பகத்தை முழுதாக எடுக்கவில்லை, கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சத்தையும் எடுத்தார்கள். பிறகு கீமோ. கீமோவில் ஒரு சிவப்பு மருந்து உண்டு, டாக்ஸோரூபிசின். ரோஸ் சிரப் தண்ணீர் போல இருக்கும். அதற்குப் பிறகு எனக்கு சிராப் பண்டோங் குடிக்கவே மனம் வரவில்லை. அந்த மருந்தை ஏற்றும் முன் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். ஏன் என்று கேட்டேன். “இந்த மருந்து சிலருக்கு இதயத் தசையைப் பாதிக்கலாம், அதனால் முதலில் பார்த்துக்கொள்கிறோம்” என்றார்கள். அன்றுதான் எனக்கு முதன்முதலாக உறைத்தது. நோய் மார்பகத்தில், ஆனால் சிகிச்சை நடப்பதெல்லாம் இதயத்தின் வாசலில்.

அடுத்தது கதிரியக்கச் சிகிச்சை. இடது மார்பகம் என்றால் அதற்கு நேர் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மருத்துவம் படிக்க வேண்டியதில்லை. இதயத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னால் கையை எங்கே வைப்போம் என்று நினைத்துப் பார்த்தாலே போதும்.

முதலில் பார்த்த மருத்துவரிடம் கேட்டேன்: “டாக்டர், இதயத்துக்கு ஒன்றும் ஆகாதா?” “இப்போதெல்லாம் நவீன இயந்திரங்கள். கவலைப்படாதீர்கள்” என்றார். அது பொய்யில்லை. ஆனால் பதிலும் இல்லை. பேட்டி எடுப்பது என் வேலை. கேள்விக்குப் பக்கத்தில் ஓடும் பதிலை எனக்கு நன்றாக அடையாளம் தெரியும். ஒலிபரப்பில் என்றால் இன்னொரு முறை கேட்டிருப்பேன். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் “தேங்க் யூ டாக்டர்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த நாற்காலிக்கு அப்படி ஒரு சக்தி.

கீமோ வார்டில் இருந்த தாதிதான் காதோரம் சொன்னார், டிஐபிஎச் என்று ஒன்று இருக்கிறது, எல்லா இடத்திலும் இல்லை, இருக்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள் என்று. கேட்டேன். வேறொரு மருத்துவரிடம், வேறொரு இடத்தில்.

இந்த மருத்துவர் ஒரு பேனாவை எடுத்து மருந்துச் சீட்டின் பின்புறத்தில் வரைந்தார். நெஞ்சுக் கூடு, அதற்குள் இரண்டு நுரையீரல், நடுவில் இடது பக்கம் சாய்ந்த ஒரு முட்டை. அதுதான் இதயம். சாதாரணமாக மூச்சு விடும்போது இதயத்தின் முன்பக்கம் நெஞ்சுச் சுவரை ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அந்த முன்பக்கத்தில்தான் இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் முக்கியக் குழாய் ஒன்று மேலிருந்து கீழே இறங்குகிறது. மார்பகத்தை நோக்கிப் பக்கவாட்டில் பாயும் கதிர்க்கற்றையின் ஓரம், சிலருக்கு அந்த முட்டையின் நுனியைச் சீவிக்கொண்டு போகும். ஆழமாக மூச்சை இழுத்தால் நுரையீரல் விரியும். உதரவிதானம் கீழே இறங்கும். அதோடு சேர்ந்து இதயமும் கீழேயும் உள்ளேயும் நகரும். நெஞ்சுச் சுவருக்கும் இதயத்துக்கும் நடுவே காற்று நிறைந்த நுரையீரல் வந்து புகுந்துகொள்ளும். அந்த நிலையில் மூச்சை நிறுத்தி, அந்த 20 விநாடிக்குள் மட்டும் கதிரைப் பாய்ச்சினால் கற்றை மார்பகத்தின் மேல் படும். இதயம் ஒதுங்கி நிற்கும்.

“அவ்வளவுதானா டாக்டர்?” என்றேன்.

“அவ்வளவுதான். மருந்து கிடையாது, ஊசி கிடையாது. உங்கள் மூச்சு மட்டும்.”

அப்போதுதான் அந்தத் தொழில் பெருமையை அவிழ்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து படித்தேன். படிப்பதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம், பயமுறுத்தும் எண்களை முதலில் தேடுவேன். 2013ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஆக்ஸ்ஃபர்டைச் சேர்ந்த சாரா டார்பி குழுவினர் வெளியிட்ட ஆய்வு அகப்பட்டது. 1958 முதல் 2001 வரை சுவீடனிலும் டென்மார்க்கிலும் மார்பகக் கதிரியக்கச் சிகிச்சை பெற்ற 2,168 பெண்களின் கணக்கு அது. இதயத்துக்குப் போன சராசரிக் கதிர் அளவு ஒவ்வொரு கிரே கூடும்போதும் மாரடைப்பு போன்ற பெரிய இதயப் பாதிப்பு 7.4 விழுக்காடு கூடியது. இந்த அளவுக்குக் கீழே போனால் ஆபத்தே இல்லை என்று சொல்லும்படியான எல்லைக்கோடு எதுவும் அவர்களுக்குத் தென்படவில்லை. பாதிப்பு முதல் 5 ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கி, 20 ஆண்டுகளைத் தாண்டியும் தொடர்ந்தது.

அன்று இரவு தூங்கவில்லை. 36 வயதில் 20 ஆண்டு என்றால் 56. என் மகளுக்கு அப்போது 26.

காலையில் மருத்துவருக்குச் செய்தி அனுப்பினேன். அடுத்த சந்திப்பில் அவர் என்னைத் திட்டவில்லை, ஆனால் பொறுமையாக உடைத்துச் சொன்னார். 7.4 விழுக்காடு என்றால் 100 பெண்களில் 7 பேருக்கு மாரடைப்பு வரும் என்று பொருளில்லை. ஒருவருக்கு ஏற்கெனவே இருக்கும் ஆபத்தின் மேல் அந்தப் பங்கு கூடுகிறது. ஏற்கெனவே இருப்பது சிறிது என்றால் கூடுவதும் சிறிது. அந்தக் காலத்து முறைகளில் இதயத்துக்குப் போன அளவும் அதிகம். “ஆனால் உங்கள் அப்பா கதையை நான் மறக்கவில்லை. இதய நோய்க்கான காரணங்கள் ஏற்கெனவே உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. அதனால்தான் மூச்சைப் பழகச் சொல்கிறேன்” என்றார். பிறகு, நான் கேட்கப் பயந்த கேள்விக்கு அவராகவே பதில் சொன்னார். கதிரியக்கமே வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும்? கட்டியை மட்டும் எடுத்த 10,801 பெண்களின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், கதிரியக்கம் பெறாதவர்களில் 35 விழுக்காட்டினருக்கு 10 ஆண்டுக்குள் நோய் திரும்பியது. பெற்றவர்களில் 19 விழுக்காட்டினருக்கு. “இதயத்தைக் காப்பாற்றுகிறேன் என்று மார்பகத்தைக் கோட்டை விட முடியாது. இரண்டையும் பார்க்கலாம்.”

எண்களை வைத்துக்கொண்டு பயப்படுவது சுலபம். எண்களை உட்கார்ந்து விளக்க ஒருவர் கிடைப்பது அரிது. எனக்குக் கிடைத்தார்.

இனி அந்த மூன்று நாள்.

வீட்டு வரவேற்பறைத் தரையில் பாயை விரித்துப் படுத்தேன். அம்மா சமையலறை டைமரோடு பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் என் நெஞ்சின் மேல் தன் சின்ன யானைப் பொம்மையை வைத்தாள். யானை மேலே ஏற வேண்டும், ஆனால் முதுகு பாயை விட்டு எழக்கூடாது. முதுகுக்குக் கீழே அவளுடைய கையை நுழைத்துப் பார்த்துத் தீர்ப்பு சொன்னாள். “அம்மா, ஏமாத்துறீங்க. கை போகுது.” வயிற்றை மறந்து நெஞ்சுக்கு மூச்சை அனுப்புவது, 12 ஆண்டுப் பழக்கத்தை மாற்றுவது, வலது கைக்காரர் இடது கையால் சாப்பிடுவது போல இருந்தது. வேறு இடங்களில் வயிற்று மூச்சையே பழக்குகிறவர்களும் உண்டாம். எந்த மூச்சு என்பதைவிட, ஸ்கேன் அன்று இழுத்த அதே அளவு மூச்சை ஒவ்வொரு நாளும் இழுப்பதுதான் முக்கியம். அதிகமாக இழுத்தாலும் தப்பு, குறைவாக இழுத்தாலும் தப்பு. அரை சென்டிமீட்டர் கூட அவர்களுக்குப் பெரிது.

நெஞ்சு ஒருவழியாக வழிக்கு வந்தது. 20 விநாடிதான் வரவில்லை. 12, 13இல் பதற்றம் வந்துவிடும். உடம்புக்குக் காற்று போதாமல் இல்லை, மனத்துக்குத்தான். அம்மா டைமரைப் பார்த்து “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று சொல்லச் சொல்ல இன்னும் மோசமாகும்.

இரண்டாம் நாள் இரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது யோசனை வந்தது. 20 விநாடி எனக்குத் தெரியாத நேரமா? எங்கள் நிலையத்தில் நிகழ்ச்சி முன்னோட்டத்தின் நீளமே 20 விநாடி. 18இல் முடித்தால் காற்றில் ஓட்டை விழும். 22 ஆனால் அடுத்த விளம்பரத்தை விழுங்கும். ஆயிரக்கணக்கில் படித்திருக்கிறேன், கடிகாரம் பார்க்காமலே முடிப்பேன். பாயில் படுத்தேன். மூச்சை இழுத்தேன். மனத்துக்குள், உதடு அசையாமல், காலை நிகழ்ச்சியின் முன்னோட்டத்தைப் படித்தேன். முதலில் வணக்கம், பிறகு அன்றைய தலைப்பு, நேயர்கள் அழைக்கும் நேரம், கடைசியில் நிலையத்தின் பெயர். பெயர் முடிந்ததும் மூச்சை விட்டேன்.

அம்மா டைமரைக் காட்டினார். 21.

மறுநாள் ஸ்கேன் அறையில் பட்டை பச்சைக்குள் ஏறி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இரண்டு ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்று சாதாரண மூச்சில், மற்றொன்று நிறுத்திய மூச்சில். பிறகு மருத்துவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இடது படத்தில் இதயம் நெஞ்சுச் சுவரோடு ஒட்டி இருந்தது. வலது படத்தில் நடுவே கறுப்பாக ஒரு பிறை. காற்று. என் மூச்சு. இதயத்துக்கான சராசரி அளவு பாதிக்கும் கீழே வந்திருந்தது. நுரையீரல் விரிந்து பெரிதாவதால் அதில் கற்றைக்குள் அகப்படும் பங்கும் குறைந்திருந்தது. அந்தப் பிறையை நான் நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் காட்ட வேண்டும் போல இருந்தது.

சிகிச்சை 20 நாள். திங்கள் முதல் வெள்ளி வரை, நான்கு வாரம். முதல் 15 நாளில் 40 கிரே, பிறகு கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாக 5 நாள். இப்போது சிலருக்கு ஒரே வாரத்தில் 5 முறையோடு முடித்துவிடும் திட்டமும் உண்டு. பிரிட்டனில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2020இல் வந்த பிறகு அது பரவியது. யாருக்கு எது என்பது மருத்துவர் தீர்மானிப்பது. காலை நிகழ்ச்சியை 10 மணிக்கு முடித்துவிட்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு, மதியம் மருத்துவமனைக்குப் போவேன். நேயர்களுக்கு இதைச் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன் என்றால், எழுத்தில் குரல் உடையாது என்பதால்தான்.

முதல் நாள் அந்தப் பெரிய இயந்திரத்தின் கீழே படுத்ததும், எல்லாரும் வெளியே போய்விட்டார்கள். கனமான கதவு மூடியது. தனியாகக் கிடந்தேன். அப்போது ஒலிபெருக்கியில் அந்தக் குரல். “சுலாமாட் தெங்ஙா ஹாரி, புவான். சாதாரணமாக மூச்சு விடுங்கள். ஓகே. தாரிக் நஃபாஸ்.”

முகம் தெரியாத ஒருவருக்கு, அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரியாமல், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பேசுவது என் வேலை. அந்தப் பக்கத்தில் இருப்பவர் இந்தக் குரலை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளக்கூடும் என்று அன்றுதான் தெரிந்தது. அந்தப் பெண் கொஞ்சம் அவசரமாகச் சொல்லியிருந்தால், கொட்டாவி விட்டுக்கொண்டு சொல்லியிருந்தால், எனக்குப் பட்டை இறங்கியிருக்கும். அவர் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நோயாளிக்கும், அதே நிதானத்தோடு சொன்னார்.

ஒரு நாளைக்கு 5 அல்லது 6 முறை இழுத்து நிறுத்த வேண்டும். நடுவில் இருமல் வந்தால்? பயமே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். நெஞ்சு பச்சைக் கட்டத்தை விட்டு இறங்கினால் கதிர் தானாக நின்றுவிடும். மறுபடி ஏறினால்தான் தொடரும். எனக்கு ஏழாம் நாள் தும்மல் வந்தது. இயந்திரம் நின்றது. ஒலிபெருக்கியில் “பிளஸ் யூ” என்றது குரல்.

சில மருத்துவமனைகளில் வாயில் குழாய் வைத்து, மூக்கில் கவ்வி போட்டு, கருவியே மூச்சை அடைத்து நிறுத்தும் முறையும் இருக்கிறது. லண்டனின் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் அந்த முறையையும், நோயாளி தானாகவே மூச்சை நிறுத்தும் முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இதயத்தைக் காப்பதில் இரண்டும் சமம்; நோயாளிகளுக்கு வசதியாக இருந்தது தானாக நிறுத்துவதுதான். கருவி இல்லாத இடத்திலும் வழி இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பந்திங் ஆன்ட்டியைப் பார்த்தது இரண்டாம் வாரத்தில். காத்திருக்கும் கூடத்தில் ஒரு மூலையில், மருத்துவமனை அங்கியின் மேல் சேலை முந்தானை போலத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 60க்கு மேல் இருக்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், தோட்டம் மூடிய பிறகு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைத்தவர். அவருக்கும் இடது பக்கம்தான்.

“எனக்கு வரலைம்மா. மூணு தடவை பார்த்துட்டாங்க. அடுத்த வாரம் ஒரு தடவை பார்ப்பாங்களாம், அப்பவும் வரலேன்னா வேற மாதிரி செய்வாங்களாம்.”

“என்ன வரலை ஆன்ட்டி?”

“தாஹான் நஃபாஸ்னு சொல்றாங்க. நானும் தாஹான் பண்றேன். இல்ல இல்லங்குறாங்க.”

எனக்குச் செய்துகாட்டச் சொன்னேன். கண்ணை மூடினார். இருந்த காற்றையெல்லாம் வெளியே விட்டார், வயிற்றை ஒட்ட இழுத்துக்கொண்டார், அப்படியே கல் போல் நின்றார். ‘மூச்சை அடக்கு’ என்றால் அவருக்கு அதுதான் பொருள். கோயிலில் தீமிதிக்கு முன் அப்படித்தான் நிற்பாராம். மலாய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சொல் புரிந்தது, அதன் பொருள் மட்டும் உடம்பில் வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தது. இழுத்து நிரப்பிய பிறகு நிறுத்த வேண்டும் என்பது சொல்கிறவருக்கு அவ்வளவு வெளிச்சமாக இருந்ததால் யாரும் தனியாகச் சொல்லவில்லை. யாரையும் குறை சொல்வதற்கில்லை. நானே ஐந்து முறை தோற்றவள்.

நெஞ்சில் இழுங்கள் என்றேன். தோளைத் தூக்கினார். பலூன் என்றேன். வாயை உப்பினார். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு எதற்கோ லயத்து வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது, விறகடுப்பு, ஈர விறகு, ஊதுகுழல் என்று.

“ஆன்ட்டி, ஊதுகுழல் ஊதுறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பீங்களே?”

“ஆமா, நெஞ்சு நிறைய இழுக்கணும். இல்லேன்னா எங்க பத்தும்?”

“அதை இழுங்க. ஆனா ஊதாதீங்க. குழலை வாய்கிட்டயே வெச்சுக்கிட்டு நில்லுங்க.”

கையைக் குழல் போலப் பிடித்தார். இழுத்தார். துண்டு மேலே எழுந்தது. நின்றது. நான் மனத்துக்குள் முன்னோட்டத்தைப் படித்தேன். நிலையத்தின் பெயர் வரும் வரைக்கும் அவர் அசையவில்லை. 40 ஆண்டு ஈர விறகு ஊதிய நெஞ்சு அது. என் வானொலி மூச்செல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

அன்று கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, காரிலேயே அவருக்காக ஒரு குரல்பதிவு செய்தேன். வானொலிக்காரர்களுக்குத் தெரியும், கார் நல்ல ஒலிப்பதிவு அறை. “சாதாரணமா மூச்சு விடுங்க ஆன்ட்டி. இப்ப ஊதுகுழலைக் கையில எடுங்க. நெஞ்சு நிறைய இழுங்க. முதுகு கட்டில்லயே இருக்கட்டும். நிறுத்துங்க.” பிறகு 20 விநாடி மௌனம். என் வாழ்க்கையில் வேண்டுமென்றே விட்ட மிக நீளமான மௌனம் அதுதான். “இப்ப விடுங்க.” மறுநாள் அதை ரேடியோகிராபரிடம் போட்டுக் காட்டினேன், தப்பாக எதையும் பழக்கிவிடக் கூடாதே என்று. அவருக்குத் தமிழ் தெரியாது. கேட்டுக்கொண்டே தானும் மூச்சை இழுத்து நிறுத்திப் பார்த்தார். இரண்டு முறைக்கு நடுவே ஓய்வு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றார். வீட்டுப் பயிற்சிக்கு மட்டும் இது, அறைக்குள் தங்கள் குரல்தான் என்றும் சொன்னார். மாற்றிப் பதிவு செய்து ஆன்ட்டியின் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

எல்லாருக்கும் இது வரும் என்று சொல்லமாட்டேன். எங்களோடு வந்த ஒரு சீன அம்மாவுக்கு நீண்ட நாள் ஆஸ்துமா. 10 விநாடிகூட முடியவில்லை. அவருக்குக் கற்றையின் வடிவத்தை மாற்றி, இதயம் இருக்கும் பக்கத்தை மறைத்துத் திட்டம் போட்டார்கள். சிலரைக் குப்புறப் படுக்கவைத்தும் செய்வதுண்டாம். இன்னொருவருக்கு, ஸ்கேனில் பார்த்தபோது இதயம் இயல்பிலேயே கற்றையைவிட்டுத் தள்ளி இருந்தது; மூச்சை நிறுத்தவே தேவையில்லை என்றுவிட்டார்கள். வலது பக்கக்காரர்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பேச்சே வருவதில்லை. மூச்சு வரவில்லை என்பதற்காக யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது. அதுதான் எனக்குப் பயம். கேட்காமல் விட்டுவிடுவது இரண்டாவது பயம். முதல் மருத்துவரிடம் நான் இரண்டாம் முறை கேட்டிருந்தால், “எங்களிடம் அந்த வசதி இல்லை, இன்ன இடத்தில் இருக்கிறது” என்று அவரே சொல்லியிருக்கக்கூடும். நான் கேட்கவில்லையே.

அடுத்த வாரம் ஆன்ட்டி முதல் முறையிலேயே தேறிவிட்டார். அறையிலிருந்து வெளியே வந்தவர், கூடத்தில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கையைக் குழல் போலப் பிடித்து எனக்குக் காட்டினார்.

என் கடைசி நாளில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கழுத்துக்குக் கீழே தோல் கறுத்து எரிந்தது, இடுப்பு வலித்தது. ஆறாவது மூச்சை விட்டேன், “சுடா ஹாபிஸ், புவான்” என்றது குரல். முடிந்தது. கீழே இறங்கி ரேடியோகிராபருக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்தேன்.

நான்கு மாதம் ஆயிற்று. மருத்துவரைப் பார்க்கப் போகிறேன், எக்கோ எடுக்கிறார்கள், முடி முளைத்திருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை காலை, முன்னோட்டத்தைப் படித்து முடித்துப் பாட்டைப் போட்டுவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தேன். பந்திங்கிலிருந்து ஒரு குரல்பதிவு. பின்னணியில் எண்ணெயில் எதையோ போடும் சத்தம்.

“ஏம்மா, இப்பல்லாம் ரேடியோவுல உன் குரல் கேட்டாலே நான் தானா மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குறேன். இன்னைக்கும் அப்படித்தான். கரண்டியும் கையுமா நின்னுக்கிட்டே இருக்கேன். நீ பாட்டுக்குப் பாட்டைப் போட்டுட்டுப் போயிட்டியே, விடச் சொல்லவே இல்லையே!”